வாயில்லா உயிர்களுக்காக வாடும் உள்ளங்கள்

நம் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் மருத்துவரைத் தேடி நாம் ஓடுகிறோம். நம் தொழுவத்தில் நோய் புகுந்தாலோ மருத்துவர் நம்மைத் தேடி வருகிறார். மழையென்றும் வெயிலென்றும் பாராமல், மண்பாதையில் தம் இருசக்கர வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, சாணத்தில் முழங்காலிட்டு, தோள்வரை கையைச் செலுத்திக் கன்றை வெளியே கொணர்ந்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு திரும்பிவிடுகிறார். பசு எழுந்து நின்றதா, கன்று பால் குடித்ததா என்று நாம் ஆவலோடு பார்க்கிறோம். வந்தவர் எத்தகைய மனத்தோடு திரும்பிப் போனார் என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

இக்கேள்வியைப் பிறரை நோக்கி எழுப்புமுன் நம்மையே நோக்கி எழுப்பிக்கொள்ள நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில், ஒரு மாலைப்பொழுதில் நாமும் அதைப் பார்க்கத் தவறினோம்.

மரவள்ளித் தோட்டத்தில் ஒரு மாலை

சில ஆண்டுகளுக்குமுன், தருமபுரி மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் நாம் பங்குப் பணி ஆற்றிவந்த காலம். கணவனை இழந்த தாய் ஒருத்தி 11 ஆடுகளை வைத்துப் பிழைத்துவந்தாள். அந்த ஆடுகளே அவளுக்கு வங்கி. பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அவைதாம். ஒரு நாள் மேய்ச்சல் முடிந்து திரும்பும் வழியில், பசியோடிருந்த ஆடுகள் வேலியின் இடைவெளி வழியே மரவள்ளித் தோட்டத்துள் புகுந்து, பச்சை இலையை வயிறார மேய்ந்துவிட்டன.

மரவள்ளி இலையில் சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் உண்டு என்பதை நம் மாவட்டத்து உழவர்கள் நன்கறிவர். நன்றாக உலர்த்திய இலையில் அது பெரிதும் குறைந்துவிடும். பசுமையாக, அதுவும் வெறும் வயிற்றில் மிகுதியாகத் தின்றால் ஆபத்து. இரத்தத்தில் உயிர்க்காற்று இருந்தும் உடலின் உயிரணுக்கள் அதனைப் பயன்படுத்த இயலாமல் திணறும். சில நிமிடங்களிலோ, ஒரு மணி நேரத்திற்குள்ளோ விலங்கு துடித்து மடியும். சோடியம் நைட்ரைட்டு, சோடியம் தயோசல்பேட்டு ஆகிய மருந்துகளை இரத்தக் குழாயில் செலுத்தினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் மருந்து இருந்தென்ன, அந்நேரத்தில் அதைச் செலுத்தும் கை அங்கே இருக்கவேண்டுமே!

கால்நடை மருத்துவர் தம் உதவியாளரோடு வந்து சேர்ந்தபோது ஐந்து ஆடுகள் இறந்து கிடந்தன. மந்தையில் பின்தங்கி வந்து குறைவாகத் தின்றிருந்த ஆறு ஆடுகள் மூச்சுத் திணறிக் கொண்டிருந்தன. அவர் யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஆறுக்கும் ஊசி ஏற்றினார். இருள் கவியுமுன் அவை எழுந்து நின்றன.

கூடியிருந்தோர் கண்களுக்கோ எழுந்து நின்ற ஆறு ஆடுகள் தெரியவில்லை. விழுந்து கிடந்த ஐந்துதான் தெரிந்தன. "மாசம் பொறந்தா அரசாங்கச் சம்பளம். அவருக்கு என்ன அவசரம்?" என்று கூட்டத்தில் ஒருவர் உரக்கச் சொன்னார். ஆறுதல் சொல்லச் சென்றிருந்த நாமோ அதனைக் கண்டிக்கவில்லை. அதற்கு மேலும் ஒரு படி சென்று, "இன்னும் சற்று முன்னதாக வந்திருக்கலாமே, டாக்டர்!" என்றோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. கையைக் கழுவினார். உதவியாளர் கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்தார். புளியமரத்தடியில் நிறுத்தியிருந்த வண்டி நெடுநேரம் கிளம்பாமலே நின்றது.

மறுநாள்தான் உண்மை நமக்குத் தெரியவந்தது. அழைப்பு வந்த நேரத்தில் அவர் 14 கிலோமீட்டர் தொலைவில், வேறொரு ஊரில், குறுக்கே கிடந்த கன்றைத் திருப்பிக்கொண்டிருந்தார். தொலைபேசி உதவியாளரின் பைக்குள் இருந்தது. இடையில் கையை எடுத்துவிட்டு ஓடிவந்திருந்தால் பசுவும் கன்றும் இறந்திருக்கும். கன்று பிறந்த பின்னரே அழைப்பைக் கண்டு, கையில் உலர்ந்த இரத்தத்தோடு அவர் விரைந்து வந்திருக்கிறார்.

நாம் அவருடைய மருந்தகத்திற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் புன்னகைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீங்க சொன்னது பெரிசில்லை ஃபாதர். அந்தக் கேள்வியை ராத்திரி முழுக்க நானே என்னைக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரைக்கு வித்து.

வேதனைக்கு ஒரு பெயர்

கவலை வேறு, களைப்பு வேறு, மனச்சான்றின் வேதனை வேறு. நாள் முழுதும் உழைத்தவன் உறங்கி எழுந்தால் களைப்பு நீங்கும். அன்புக்குரிய ஒன்றை இழந்தவன் அழுது தீர்த்தால் துயரம் காலப்போக்கில் தணியும். ஆனால், "செய்யவேண்டியது இது என்று எனக்குத் தெரியும், அதைச் செய்யவிடாமல் என் கை கட்டப்பட்டிருக்கிறது" என்னும் நிலையில் உள்ளத்தில் எழும் வலி எளிதில் ஆறுவதில்லை. ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்னும் அமெரிக்க அறநெறி அறிஞர் 1984ஆம் ஆண்டில், செவிலியரின் பணியைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். அதனைத் தமிழில் 'அறநெறி வேதனை' என்று கூறலாம். செவிலியரைக் கண்டு பிறந்த அப்பெயர், பின்னர் மனித மருத்துவர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் பொருந்துவதாயிற்று.

2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் வட அமெரிக்காவைச் சேர்ந்த 889 கால்நடை மருத்துவர்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. தக்க சிகிச்சையை அளிக்க இயலாமற் போனது தங்களுக்கும் தங்கள் பணியாளர்களுக்கும் மன வேதனை தந்ததாகப் பெரும்பான்மையோர் கூறினர். இத்தகைய நெருக்கடிகளை எதிர்கொள்வதற்குத் தங்களுக்கு எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை என்றும் பெரும்பான்மையோர் தெரிவித்தனர். எலும்பை இணைக்கவும் நோயைக் கண்டறியவும் ஆண்டுக்கணக்கில் கற்றவர்களுக்கு, உடைந்த மனத்தோடு வீடு திரும்புவது எப்படி என்று மட்டும் எவரும் கற்றுக் கொடுக்கவில்லை!

தொழுவத்தில் எழும் சிக்கல்கள்

அமெரிக்காவில் செல்லப் பிராணிகளை வளர்ப்போர் மிகுதி. நம் ஊரில் மாடு வளர்ப்போர் மிகுதி. ஆகவே வேதனை ஒன்றாயினும் அதன் வாயில்கள் வேறு. அம்மருத்துவரும் அவருடைய தோழர்களும் பின்னாளில் நம்மோடு பகிர்ந்துகொண்டவற்றுள் சிலவற்றை இங்கே சுட்டுகிறோம்.

ஒன்று, பாலைப் பற்றியது. மடிநோய் கண்ட பசுவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஊசி மூலம் செலுத்தப்பட்டால், மருந்துக்கேற்பச் சில நாட்கள் அதன் பாலை மக்கள் குடிக்கலாகாது. மருத்துவர் அதைச் சொல்லிவிட்டுச் செல்வார். இரண்டே பசுக்களை நம்பி வாழும் வீட்டுக்காரரோ, "அந்தப் பாலையும் கொட்டிட்டா நாங்க என்னத்தச் சாப்பிடறது, ஐயா?" என்று கேட்பார். அக்கேள்வியில் பொய் இல்லை. அந்தப் பால் எந்தக் குழந்தையின் வயிற்றுக்குப் போகிறதோ என்ற அச்சத்திலும் பொய் இல்லை. இரண்டு உண்மைகளுக்கும் நடுவே நின்று அவர் வண்டியைக் கிளப்பவேண்டும்.

மற்றொன்று, சான்றிதழைப் பற்றியது. காப்பீடு செய்த மாட்டுக்குக் காதில் வில்லை மாட்டப்படும். வில்லையில்லாத மாடு இறந்துபோனால், "எப்படியாவது எழுதிக் கொடுங்க சார், உங்களுக்கென்ன நட்டம்?" என்று உறவினரும் ஊர்ப் பெரியவர்களும் சூழ்ந்துகொள்வர். எழுதிக் கொடுத்தால் மனச்சான்று உறுத்தும். மறுத்தால் ஏழையின் வயிற்றில் அடித்தவர் என்ற பழி வரும். நேர்மையாக இருந்ததற்காகவே ஊரில் கெட்ட பெயர் வாங்கிய பணியாளர்கள் உளர் என்பதை நம் பங்கு மக்கள் அறியவேண்டும்.

மூன்றாவது, எழமுடியாமல் விழுந்த பசுவைப் பற்றியது. இடுப்பெலும்பு முறிந்து, படுத்த இடத்திலேயே புண்ணாகி, தீராத வலியில் கிடக்கும் பசுவுக்கு மருத்துவம் கைவிரித்துவிடும். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, இனி வாழவிடுவது கொடுமை என்னும் நிலையில் உள்ள விலங்கின் உயிரை முடிக்க வழி வகுக்கிறது. ஆயினும், வீட்டு இலட்சுமியாக வளர்த்த பசுவை ஊசி போட்டுக் கொல்வதா என்று குடும்பத்தினர் கலங்குவர். மருத்துவர் நாள்தோறும் வந்து, பயன் தராது என்று தெரிந்தே வலி நீக்கும் மருந்தை ஏற்றிச் செல்வார். சில வேளைகளில் குடும்பத்தினரே இசைந்து, பிறகு, "நீங்க சொன்னதாலதான் சம்மதிச்சோம்" என்று பழியை அவர் தலையில் வைப்பதும் உண்டு.

இறுதியாக, எண்ணிக்கையைப் பற்றியது. 5,000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று 1976ஆம் ஆண்டிலேயே தேசிய வேளாண்மை ஆணையம் பரிந்துரைத்தது. ஆனால் மலையும் காடும் மேட்டு நிலமும் பரந்த நம் மாவட்டத்தில், வீட்டுக்கு வீடு இடைவெளி மிகுந்த கொட்டாய்களில், ஒருவர் ஒரு நாளில் எத்தனை தொழுவங்களை எட்டிவிட முடியும்? கோமாரித் தடுப்பூசி முகாம், செயற்கைமுறைக் கருவூட்டல், கணக்கெடுப்பு, பதிவேடு இவற்றுக்கிடையே வரும் அவசர அழைப்புகளில் எதை முதலில் ஏற்பது? ஒன்றை ஏற்கும்போதே மற்றொன்றைக் கைவிடுகிறோம் என்னும் எண்ணம் அவர்களை விட்டு அகலுவதில்லை.

இவற்றுள் எதிலும் மருத்துவர் மட்டும் நிற்பதில்லை என்பதையும் கருதவேண்டும். கால்நடை ஆய்வாளர் நிற்கிறார். பராமரிப்பு உதவியாளர் நிற்கிறார். விலங்கின் தலையைத் தம் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் அந்த உதவியாளரே. அவ்வுயிர் அடங்குவதைத் தம் உடலாலேயே உணர்பவரும் அவரே. அவரை யார் விசாரிக்கிறார்கள்?

தருமபுரி கண்ட மார்ச்சு மாதம்

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நம் மாவட்டத்தில் நிகழ்ந்தவற்றை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அம்மாதம் 7ஆம் நாள் விடியற்காலையில், மாரண்டஅள்ளிக்கு அருகே காளிகவுண்டன்கொட்டாயில், பயிரைக் காக்கச் சட்டத்திற்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சப்பட்டிருந்த வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் உயிர் தப்பின. இறந்து கிடந்த பெரிய யானைகளை விட்டு அகல மனமின்றி அவை அங்கேயே சுற்றி நின்ற காட்சியைக் கண்டு நாடே கண்ணீர் வடித்தது. அதே மாதத்தில் கம்பைநல்லூர்ப் பகுதியில், தாழ்ந்து தொங்கிய மின்கம்பியில் பட்டு மற்றோர் ஆண் யானையும் இறந்தது.

யானைக்காக நாம் அழுதோம், அது சரியே. ஆனால், அவ்வுடல்களை அறுத்து ஆய்வு செய்யும் கடமை கால்நடை மருத்துவர்களுடையது என்பதை எண்ணிப் பார்த்தோமா? நோயென்றால் மருந்து உண்டு. புண்ணென்றால் தையல் உண்டு. அங்கே நோயும் இல்லை, புண்ணும் இல்லை. மனிதன் இழுத்த ஒரு கம்பி இருந்தது. உயிரைக் காக்கக் கற்றவர், இறப்பின் காரணத்தை எழுதிக் கையொப்பமிடுவதற்கு மட்டும் அழைக்கப்பட்டார். "முன்பே தடுத்திருக்கலாம்" என்று தெரிந்த சாவைக் காண்பதைவிடக் கொடிய வேதனை மருத்துவனுக்கு வேறென்ன இருக்க முடியும்? அதே வேளையில், இராப்பகல் பாடுபட்டு வளர்த்த பயிர் ஒரே இரவில் அழிவதைக் காணும் உழவனின் தவிப்பையும் அவர் அறிவார். யாரை வெறுப்பது என்று தெரியாத துன்பம் அது.

அம்மாதத்திலேயே, பென்னாகரம் பகுதியில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட குட்டி யானை ஒன்று தன் கூட்டத்தோடு சேர்க்கப்பட இயலாமல், முதுமலையின் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஆஸ்கார் விருது பெற்ற ஆவணப்படத்தால் உலகறிந்த பொம்மன், பெள்ளி இணையரின் பராமரிப்பில் அது ஒப்படைக்கப்பட்டது. அனுபவம் மிக்க கைகளும் மருத்துவர்களும் அருகிருந்தும், செரிமானக் கோளாற்றால் அம்மாத இறுதியில் அக்குட்டி இறந்தது. தாய்ப்பாலை இழந்த யானைக் குட்டிக்கு மாற்றுப் பால் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. அன்பு குறைவாயிருந்ததாலன்று அது இறந்தது. இவ்வுண்மையை, தம் கையில் ஓர் உயிரை இழந்த ஒவ்வொருவரிடமும் எவராவது எடுத்துச் சொல்லவேண்டும். தாமாக அவர்கள் அதை நம்புவதில்லை.

உலகம் காட்டும் எச்சரிக்கை

2001ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டைக் கோமாரி நோய் தாக்கியபோது, நோய் பரவாமல் தடுக்க 60 இலட்சத்திற்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் பன்றிகளும் கொல்லப்பட்டன. அவற்றுள் நோயே இல்லாதவை பல. குணப்படுத்தக் கற்றவர்கள் வாரக்கணக்கில் கொல்லும் பணியை மேற்பார்வையிட்டனர். அந்நாட்டின் வடபகுதியில் 54 பேரைத் தொடர்ந்து நாட்குறிப்பு எழுதச் செய்து ஆய்வாளர்கள் படித்தனர். நோய் ஒழிந்து, நாடு மறந்துபோன பின்னரும் அம்மக்களின் மனத்தில் அந்நாட்களின் நினைவும் அச்சமும் ஆறாதிருந்ததை அக்குறிப்புகள் காட்டின. 2022ஆம் ஆண்டு சூலையில், நம் அண்டை மாநிலமான கேரளத்தின் வயநாட்டில், மானந்தவாடிப் பகுதியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டு நூற்றுக்கணக்கான பன்றிகள் அழிக்கப்பட்டபோதும், அதனை நிறைவேற்றியவர்கள் கால்நடைத் துறைப் பணியாளர்களே.

அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு மற்றோர் அதிர்ச்சியான உண்மையைக் கூறியது. பொதுமக்களோடு ஒப்பிடும்போது, தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ளும் ஆபத்து ஆண் கால்நடை மருத்துவர்களிடம் 2.1 மடங்காகவும், பெண் கால்நடை மருத்துவர்களிடம் 3.5 மடங்காகவும் இருந்தது. அந்நாட்டின் நிலை வேறு, நம் நாட்டின் நிலை வேறு என்பது மெய்யே. எனினும், மென்மையான உள்ளம் படைத்தவர்களே இப்பணியைத் தேடி வருகிறார்கள் என்பதும், அவ்வுள்ளமே முதலில் காயப்படுகிறது என்பதும் எந்நாட்டிற்கும் பொது.

பாவமா, பரிவா?

இவ்விடத்தில், நம் விசுவாசக் குடும்பங்களைச் சேர்ந்த கால்நடைப் பணியாளர் சிலர் நம்மிடம் தனியே கேட்ட ஒரு கேள்விக்கு மறுமொழி கூறுதல் நம் கடமை. "பிழைக்காத விலங்குக்கு ஊசி போட்டு உயிரை முடிக்கிறோமே, சாமி! இது பாவமில்லையா?" என்பதே அக்கேள்வி.

மனித உயிரைப் பற்றிய திருச்சபையின் போதனையை அப்படியே விலங்கின்மீது ஏற்றிக் குழம்பவேண்டுவதில்லை. 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளுக்கு மனிதர் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளனர் என்றும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு மாறானது என்றும் கற்பிக்கிறது. தேவையற்ற துன்பத்தைத் தடுப்பதே நோக்கமாயின், தீரா வலியை அமைதியாக முடித்து வைப்பது பாவமன்று. அது பரிவின் செயலே. ஆயினும், பாவமன்று என்று சொல்லிவிட்டால் வலி போய்விடாது. குற்றம் இல்லாத இடத்திலும் துக்கம் இருக்கும். அத்துக்கத்தை அறிவுரையால் அடக்க முயலாமல், மதித்து அருகே அமர்வதே நாம் செய்யவேண்டுவது.

குடும்பங்கள் செய்யத் தக்கவை

இனி, நம்மால் இயன்றது என்ன? பெரிய திட்டங்கள் வேண்டா. நம் தொழுவத்திலிருந்தே தொடங்கலாம்.

நோயைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். மூன்று நாள் கைவைத்தியம் பார்த்துவிட்டு, மாடு தலை சாய்த்த பின் நள்ளிரவில் அழைப்பது, காப்பாற்ற இயலாத உயிரை மருத்துவர் கையில் ஒப்படைப்பதாகும். 1962 என்னும் எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம் என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்கட்டும். அவர் வருமுன் மாட்டைக் கட்டி, வெளிச்சமும் வெந்நீரும் சோப்பும் ஒரு துண்டும் ஆயத்தமாக வையுங்கள். இவை சிறியவை, ஆனால், "என் உழைப்பை இவர்கள் மதிக்கிறார்கள்" என்னும் செய்தி அவற்றில் உண்டு.

பொய்ச் சான்று கேட்காதீர்கள். பிறர் கேட்கும்போது மருத்துவர் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசுங்கள். பாலை ஒதுக்கச் சொன்னால் ஒதுக்குங்கள். தடுப்பூசி முகாமுக்கு மாட்டைக் கொண்டு வாருங்கள். வேலியில் மின்சாரம் பாய்ச்சாதீர்கள். ஒருவருடைய மனச்சான்றைக் காப்பாற்ற மிக எளிய வழி, அதனை நெருக்காமல் இருப்பதே.

விலங்கு இறந்துபோனால், அழுகைக்கிடையிலும் வந்தவரிடம், "உங்களால் ஆனதைச் செய்தீர்கள்" என்று சொல்லுங்கள். உதவியாளரிடமும் சொல்லுங்கள். ஒரு குவளை மோர் கொடுங்கள். "வெறும் மாடுதானே, விடுங்க!" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவருடைய வாழ்நாள் பணியையே வெறுமையாக்கும் சொல்.

கால்நடைப் பணியாளரின் மனைவியராக, கணவராக, பெற்றோராக இருப்போருக்கும் ஒன்று கூறுவோம். அவர் வழக்கத்திற்கு மாறாக மௌனமாகத் திரும்பினால், உடனே காரணம் கேட்டுத் துளைக்காதீர்கள். சாப்பிட்டபின் அருகில் அமருங்கள். பேசினால் கேளுங்கள், தீர்வு சொல்ல அவசரப்படாதீர்கள். உறக்கமின்மை, எதற்கெடுத்தாலும் சினம், விரும்பிச் செய்த பணியில் வெறுப்பு, மதுவின் துணை, "நான் எதற்கும் உதவாதவன்" என்னும் பேச்சு ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அது வெறும் களைப்பன்று. இறக்கவேண்டும் என்ற பேச்சு ஒருமுறை எழுந்தாலும் அவரைத் தனியே விடாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரை நாடுவது அவமானமன்று. மாட்டுக்கு மருத்துவம் பார்ப்பவர் தமக்கு மருத்துவம் தேடுவதில் என்ன வெட்கம்?

பணியிடத்தில் மூத்தோராக இருப்போருக்கும் பொறுப்பு உண்டு. கடினமான நிகழ்ச்சிக்குப்பின் பத்து நிமிடம் எல்லாரும் அமர்ந்து, நடந்ததைப் பேசட்டும். எங்கே தவறினோம் என்று மட்டுமன்றி, எதைச் சரியாகச் செய்தோம் என்பதும் அங்கே பேசப்படட்டும். உடற்கூறு ஆய்வு, உயிர் முடித்தல் போன்ற பணிகள் எப்போதும் ஒருவர் தலையிலேயே விழாமல் மாறி மாறி வரட்டும். புதிதாகப் பணியேற்ற இளையவரை முதல் துயரத்திற்குத் தனியே அனுப்பாதிருங்கள். தாம் இளமையில் இழந்த உயிர்களைப் பற்றி மூத்தவர் வாய்திறந்து சொன்னால், அதைவிடப் பெரிய ஆறுதல் இளையவருக்கு இல்லை.

அவர்கள் செய்ததும் நினைவிருக்கட்டும்

இப்பணியாளர்கள் தோல்விகளையே சுமப்பவர்கள் என்று எண்ணிவிடலாகாது. வெக்கை நோய் என்னும் கொள்ளைநோய் ஒரு காலத்தில் ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போனதை நம் முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். இன்று அந்நோய் உலகில் எங்குமே இல்லை. 2011ஆம் ஆண்டில் அது முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு வந்த பெரியம்மைக்குப்பின், மனித முயற்சியால் உலகிலிருந்தே துடைக்கப்பட்ட இரண்டாவது நோய் அதுவே. 1903ஆம் ஆண்டு தோன்றி, வேப்பேரியில் நிலைபெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற கல்விக்கூடங்களில் பயின்று, ஊசியும் மருந்துப் பெட்டியுமாக ஊர் ஊராக நடந்தவர்களின் உழைப்பு அது. அவர்களுக்கு ஊர் நடுவே எவரும் சிலை வைக்கவில்லை. நோய் வராத தொழுவமே அவர்களுக்கு நினைவுச் சின்னம்.

நிற்க. அந்தக் கைம்பெண்ணைப் பற்றிக் கூறி முடிப்போம்.

சில மாதங்களுக்குப்பின் அவளுடைய ஆடொன்று ஈனமுடியாமல் தவித்தது. அதே மருத்துவர் சென்றார். "அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தக் கால் வரவில்லை, ஃபாதர்" என்று அவரே பின்னர் நம்மிடம் ஒப்புக்கொண்டார். ஆடு இரண்டு குட்டிகளை ஈன்றது. கை கழுவத் தண்ணீர் ஊற்றியபடியே அத்தாய், "அன்னிக்குக் கும்பலா நின்னு என்னென்னமோ பேசிட்டாங்க, ஐயா. எனக்கு ஒன்னும் சொல்லத் தோணலை. இது அன்னிக்கு நீங்க பொழைக்க வச்ச ஆறுல ஒன்னு" என்றாளாம்.

ஆறு! ஊரே ஐந்தை எண்ணியது. குருவாகிய நாமும் ஐந்தையே எண்ணினோம். இழந்தவளாகிய அவள்தான் ஆறை எண்ணியிருந்தாள். பள்ளிப்படிப்பு அறியாத அத்தாய் சொன்ன அச்சொல், நாம் கேட்ட மன்னிப்பு செய்யாததைச் செய்தது. அன்றிரவு நன்றாக உறங்கியதாக மருத்துவர் கூறினார்.

அன்புக் குடும்பங்களே! பொங்கல் திருநாளில் நம் ஆலய வளாகங்களில் மாடுகளை நிறுத்தி மந்திரித்துச் செல்கிறோம். வரும் ஆண்டில், அம்மாடுகளைக் காப்பவர்களையும் அழைப்போம், எச்சமயத்தவராயினும் அழைப்போம். மருத்துவரோடு உதவியாளரையும் அழைத்து, முன்வரிசையில் அமர்த்துவோம். அதுவரை காத்திருக்கவும் வேண்டா. அடுத்த முறை உங்கள் தொழுவத்திலிருந்து அவர் புறப்படும்போது, வாசல்வரை சென்று வழியனுப்புங்கள். வண்டி கிளம்பும்வரை நில்லுங்கள்.